பூட்டிய கோயிலும் ஒரு கழிப்பறையும்

1

போன செவ்வாய்க்கிழமை இங்கிலாந்தில் நாங்கள் குடியிருக்கும் கிராமத்துப் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று, "நம்முடைய டெம்பிளுக்கு முதலில் ஒரு கழிப்பறை வேண்டும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். சர்ச் என்று சொல்லியிருக்க வேண்டும். மயிலாப்பூர்க் கடற்கரையில் பிறந்த எனக்கு சிவன் இருப்பதும் கோயில்தான், மாதா இருப்பதும் கோயில்தான். கொஞ்சம் பதற்றமானால் நாக்கு தன் பழைய இடத்துக்கே போய்விடுகிறது.

முன்வரிசையில் இருந்த கனவான் ஒருவர் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார். ஒரு காலத்தில் பாதிரியார் குடியிருந்த பெரிய வீட்டை வாங்கி, அதில் ரோஜா வளர்த்துக்கொண்டிருப்பவர் அவர். "சர்ச், மை டியர்" என்றார். நாலைந்து பேர் மெல்லச் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த என் மகள் ரீட்டா முகம் சிவந்து தரையைப் பார்த்தாள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் ரீட்டா கேட்டாள்: "அம்மா, அது ஆங்கிலிகன், உன் சர்ச்சே இல்லை. நீ கத்தோலிக்கு. அதற்கு டாய்லெட் இருந்தால் உனக்கென்ன, இல்லாவிட்டால் உனக்கென்ன?"

பதினான்கு வயதுப் பெண் கேட்கிற நியாயமான கேள்விதான். இரண்டு நாளாக அதற்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். யோசிக்க யோசிக்க எனக்கு அருவருப்புதான் கூடுகிறது. நம் ஊரில் உள்ளவர்கள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

2

முதலில் இந்த ஊர்க் கோயிலைப் பற்றி. இங்கிலாந்தின் கிழக்கு ஓரம், எங்கே பார்த்தாலும் கோதுமை வயல். என் கணவர் பக்கத்து டவுன் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறார். நான் கிராமத்து மருந்துக் கடையில் நிற்கிறேன். வந்து பத்து வருஷத்துக்கு மேலாகிவிட்டது. கத்தோலிக்கக் கோயில் தொலைவு என்பதாலும், ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் பஸ் கிடையாது என்பதாலும், நான் இந்த ஊர்க் கோயிலிலேயே போய்க் கடைசி பெஞ்சில் உட்காரத் தொடங்கினேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்ல அங்கே ஆள் ஏது?

பல நூற்றாண்டுப் பழமையான கட்டடம். கருங்கல்லும் கூழாங்கல்லும் வைத்துக் கட்டிய சுவர். உள்ளே நுழைந்தால் முதலில் வருவது வௌவால் மூத்திர நாற்றம். பீடத்து வெள்ளைத் துணியின் மேல் ஒவ்வொரு ஞாயிறும் புழுக்கை கிடக்கும். தட்டிவிட்டுப் பூசையைத் தொடங்குவார்கள். வௌவாலை விரட்டக் கூடாது, சட்டம் இருக்கிறது. மனிதர்களுக்கு அப்படி எந்தச் சட்டப் பாதுகாப்பும் இல்லாததால் அவர்கள் தாமாகவே போய்விட்டார்கள். மீந்திருப்பது கிழவர்களும் கிழவிகளுமாக ஒரு கைப்பிடி. பிரசங்கம் நீண்டால் ஒவ்வொருவராக எழுந்து, கைத்தடியை ஊன்றிக்கொண்டு, கல்லறைகளுக்குப் பின்னால் போய்விட்டு வருவார்கள். கழிப்பறை இல்லை. தண்ணீர்க் குழாயே இல்லை.

புதிதாக வந்த பாதிரியார் ஒரு பெண், பெயர் ஹெலன். நல்ல மனுஷி. ஊரில் தபால் ஆபீஸ் மூடிவிட்டது, கடை மூடப்போகிறது, கைக்குழந்தைகளோடு இருக்கும் தாய்மார் கூடுவதற்கு ஓர் இடம் இல்லை. ஆகவே கோயிலின் பின்பாதியில் பெஞ்சுகளை எடுத்துவிட்டு, ஒரு சின்ன சமையலறையும் கழிப்பறையும் வைப்போம், வாரம் பூராவும் ஜனங்கள் வந்து போகட்டும், கட்டடமும் பிழைத்துக்கொள்ளும் என்றார். அவ்வளவுதான். அதற்கு ஆயரின் மேற்றிராசனத்தின் அனுமதி, பழங்கட்டடக்காரர்களின் அனுமதி, நகராட்சியின் அனுமதி. சாக்கடைக்குப் பள்ளம் தோண்டினால் பழைய எலும்பு வரும் என்பதால் பக்கத்தில் ஒரு தொல்பொருள் நிபுணர் நிற்க வேண்டும். வௌவால் நிபுணர் ஒருவர் ஏற்கெனவே வந்து போய்விட்டார்.

இதையெல்லாம் எதிர்ப்பவர்கள் யார்? கோயிலுக்கு வருகிறவர்கள் இல்லை. கிறிஸ்துமஸ் அன்று மட்டும் வந்து, பாட்டுப் பாடி, "ஆகா, அப்படியே இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள். ரோஜா வளர்க்கும் கனவான் கூட்டத்தில் சொன்னார்: "தேவாலயம் ஒன்றும் பஸ் நிறுத்தம் அல்ல, ஆட்கள் ஒதுங்குவதற்கு."

அந்த வாக்கியத்தைக் கேட்டதும்தான் என் உடம்பு பதறியது. டெம்பிள் என்று உளறியதும் அதனால்தான். ஏறக்குறைய அதே வாக்கியத்தை ஐந்தாறு மாதம் முன்பு சென்னையில் வேறொரு வாயிலிருந்து கேட்டிருந்தேன்.

3

பட்டினப்பாக்கத்துக்குப் பக்கத்துக் குப்பம் ஒன்றில் பிறந்தவள் நான். அப்பா கடலுக்குப் போனார். அம்மா கூடையைச் சுமந்து மந்தைவெளியிலும் ராயப்பேட்டையிலும் தெருத் தெருவாக மீன் விற்றாள். குப்பத்து நடுவில் எங்கள் மாதா கோயில் இருந்தது. ஓட்டுக் கூரை, சுண்ணாம்புச் சுவர். எங்கள் தாத்தா காலத்து ஆண்கள் ஒவ்வொரு கட்டுமரத்து மீன்பாட்டிலிருந்தும் ஒரு பங்கு ஒதுக்கிக் கட்டியது. பெண்கள் மணல் சுமந்தார்கள்.

அதற்குக் கதவு இருந்தது, பூட்டு இருந்ததாக எனக்கு நினைவில்லை. காலையில் பூசை. பிறகு பால்வாடிக் குழந்தைகள் அங்கேதான் சாப்பிட்டுத் தூங்கின. அம்மை ஊசி போட நர்சு வந்தால் அங்கே பாயை விரிப்பார்கள், பக்கத்துத் தெரு அம்மன் கோயில் பூசாரி வீட்டுக் குழந்தைகளும் அங்கேதான் வரிசையில் நின்று அழும். புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு அங்கேதான் பஞ்சாயத்து. படகு திரும்பாத நாளில் மணி அடிப்பார்கள், எல்லாச் சாதியும் ஓடி வரும். கடல் உள்ளே வந்தால் குப்பம் முழுக்க மூட்டை முடிச்சோடு மாதாவின் காலடியில் வந்து படுத்துவிடும். சமுதாயக் கூடம் என்று யாரும் பெயர் வைக்கவில்லை. பெயர் வைக்கத் தோன்றாத அளவுக்கு அது எங்களுடையதாக இருந்தது.

போன நவம்பரில் அம்மாவின் முதலாண்டு நினைவுப் பூசைக்காக ரீட்டாவை அழைத்துக்கொண்டு சென்னை போனேன். தி.நகரில் நாத்தனார் வீட்டில் தங்கியிருந்தோம். பூசைக்கு முந்தைய நாள் காலை முதல் பேய் மழை. போன் வேலை செய்யவில்லை. குப்பத்தில் கடல் ஏறிவிட்டது என்று கீழ்வீட்டில் யாரோ சொன்னார்கள். நாத்தனார் தடுக்கத் தடுக்க ஓர் ஆட்டோவைப் பிடித்து மகளோடு கிளம்பினேன். பாதி வழிக்கு மேல் ஆட்டோ வரவில்லை. முழங்கால் தண்ணீரில் நடந்து போய்ச் சேர்ந்தோம்.

கோயில் அடையாளமே தெரியவில்லை. ஓட்டைப் பிரித்துத் தளம் போட்டிருந்தார்கள். தரையெல்லாம் கறுப்புக் கிரானைட். முன் வராந்தாவை அடைத்து ஆள் உயர இரும்புக் கிரில் கதவு, அதில் ஒரு பெரிய பித்தளைப் பூட்டு. கிரிலுக்கு வெளியே, ஒரு முழ அகலச் சன்ஷேடின் கீழ், குப்பத்துச் சனம் சுவரோடு சுவராக ஒட்டி நின்றது. பிள்ளைகள் இடுப்பில், பாத்திரங்கள் தலையில். தண்ணீர் கோயிலின் இரண்டாவது படியில் இருந்தது.

என் அண்ணன் அந்தோணி கூட்டத்திலிருந்து வெளியே வந்தான்.

"இன்னா ஸ்டெல்லா, இந்த மழைல இன்னாத்துக்கு வந்த? பாப்பாவ வேற இட்டுக்கினு வந்துகீற?"

"ஏன்ணே எல்லாரும் வெளியில நிக்கிறீங்க?"

"சாவி இல்ல. கோபாலபுரத்துல சேர்மன் கைல கீது. ஃபாதர் தியானத்துக்கு வெளியூர் போய்கீறாரு."

அண்ணி பிலோமினா, காய்ச்சலில் கிடந்த ஒரு பக்கத்து வீட்டுக் குழந்தையைச் சேலைக்குள் பொத்தி வைத்திருந்தாள். "கார்ப்பரேசன் இஸ்கூலு கூட முழுகிப் போச்சும்மா" என்றாள். "நீ இங்கிலீசு பேசுவ. நீ போய்க் கேளு. உனக்குக் குடுப்பாரு."

ரீட்டா கிரிலைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். மாதாவுக்கு முன்னால் சின்னச் சின்ன விளக்குகள் விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தன. உள்ளே ஓர் ஈரத் துளி இல்லை. கோயிலுக்கென்று தனியாக ஒரு பேட்டரி வைத்திருந்தார்களாம்.

4

சேர்மன் என்று அவர்கள் சொன்னது கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவையின் தலைவர் ஜெரால்டை. அரசாங்கத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். குப்பத்துக் கோயிலைச் 'சீரமைக்கும்' பொறுப்பை அவராகவே எடுத்துக்கொண்டாராம். அண்ணனும் நானும் ரீட்டாவும் மேட்டுச் சாலை வரை நடந்து, இன்னோர் ஆட்டோ பிடித்துக் கோபாலபுரம் போனோம்.

அந்தத் தெருவில் மழை பெய்ததற்கான அறிகுறி மரங்களில் மட்டும்தான் இருந்தது. ஜெரால்ட் வராந்தாவில் சால்வை போர்த்திக்கொண்டு காபி குடித்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னேன். இங்கிலாந்து என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எழுந்தே நின்றுவிட்டார்.

"வாங்கம்மா, உள்ள வாங்க. பாப்பா, கம் இன், கம் இன்." பிறகு அண்ணனைப் பார்த்தார். "நீ அங்கயே நில்லுப்பா. கால் ஈரமா இருக்கு."

என் காலும் ஈரம். ரீட்டாவின் ஷூவிலிருந்து சேறு மொசைக் தரையில் வழிந்துகொண்டிருந்தது. அண்ணன் போர்ட்டிகோவில் இறங்கி நின்றுகொண்டான். நான் உட்காரவில்லை.

"சார், சாவி வேணும். சின்னப் பிள்ளைங்க, காய்ச்சக்காரங்க எல்லாம் தண்ணில நிக்கிறாங்க."

"எனக்குத் தெரியாதாம்மா? வருத்தமாத்தான் இருக்கு. ஆனா போன மாசம்தான் கிரானைட் போட்டோம். நீங்க வெளிநாட்டுல இருக்கறவங்க, உங்களுக்குப் புரியும். ஒரு தடவை உள்ள விட்டா அப்புறம் வெளிய அனுப்ப முடியாது. வலை, கூடை, மீன் நாத்தம். ஒரு புனிதம் வேணாமா? கோயில் என்ன சத்திரமா, மழைக்கு ஒதுங்கறதுக்கு?"

"அவங்க கட்டின கோயில் சார் அது."

"யார் இல்லேன்னா? அதனாலதானே நல்லா வச்சுக்கணும்கிறேன்? இங்கிலாந்துல பழைய கோயிலை எல்லாம் எவ்வளவு அழகா, சுத்தமா காப்பாத்தறாங்க! நீங்களே சொல்லுங்க."

"எங்க ஊர்க் கோயில் பூரா வௌவால் சார்" என்றேன். "ஆள் இல்லாததால வந்து அடைஞ்சுது."

அவருக்கு அது பிடிக்கவில்லை. சாவியைத் தனியாகத் தன்னால் தர முடியாது, பேரவை கூட வேண்டும், ஃபாதர் வர வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்றார். உள்ளேயிருந்து ரீட்டாவுக்கு பிஸ்கட் வந்தது. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நோ, தேங்க் யூ" என்றாள்.

திரும்பும்போது ஆட்டோவில் ரீட்டாதான் கேட்டாள், "மாமாவை ஏன் உள்ளே விடலை?" அவள் தமிழ் அன்றைக்குத் திடீரென்று சரளமாக இருந்தது. அண்ணன் வெளியே பார்த்துக்கொண்டு, "கால் ஈரம் கண்ணு" என்றான்.

5

நாங்கள் திரும்பியபோது தண்ணீர் நாலாவது படிக்கு வந்திருந்தது. வெறும் கையோடு வந்ததைப் பார்த்ததும் பிலோமினாவுக்குப் புரிந்துவிட்டது.

"குடுக்கலியா?"

"நாளைக்குப் பாக்கலாமாம்" என்றான் அண்ணன்.

"நாளைக்கு இன்னாத்த பாப்பான்? நம்ம பொணத்தயா?" அவள் கிரிலைப் பிடித்து உலுக்கினாள். "மாதா உள்ள மாட்டிக்கினு கீறா, நாம வெளில கெடக்கறோம். யோவ், கதவப் பேத்துப் போடுங்கய்யா!"

ஆண்கள் தயங்கினார்கள். கடலில் எதற்கும் அஞ்சாதவர்கள். கோயில் கதவில் கை வைக்க அஞ்சினார்கள். அண்ணன் ஒரு தரம் சிலுவை போட்டுக்கொண்டான். பிறகு கரைக்குப் படகு இழுக்கும் கயிற்றைக் கொண்டுவரச் சொன்னான். கிரிலில் முடிச்சுப் போட்டு, இருபுறமும் ஆள் நின்று, படகை இழுப்பதுபோலவே இழுத்தார்கள். மூன்றாவது இழுப்பில் கிரில், புதுச் சுவரில் ஒரு துண்டையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு தண்ணீரில் விழுந்தது.

ஒருவரும் கூச்சலிடவில்லை. செருப்பை வெளியே விட்டு, சேற்றுக் காலைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். அந்தக் கிரானைட்டுக்கு இவ்வளவு மரியாதை நானாயிருந்தால் தந்திருக்கமாட்டேன். காய்ச்சல்காரக் குழந்தையை பீடத்துப் படியில் போட்டு மாத்திரை கொடுத்தேன். ரீட்டா யாருடைய கைக்குழந்தையையோ மடியில் வைத்துக்கொண்டு தூணில் சாய்ந்திருந்தாள். காலையில் குப்பத்துக்குள் நுழைந்தபோது கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியவள்தான்.

மறுநாள் ஃபாதர் வந்துவிட்டார். இளம் வயது. பெயர்ந்த கதவைப் பார்த்தார், தூணுக்குத் தூண் கட்டிய கயிற்றில் தொங்கும் ஈரச் சேலைகளைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் அங்கியை மாட்டிக்கொண்டு அம்மாவுக்குப் பூசை வைத்தார். சேலைகளுக்கு நடுவே குனிந்து குனிந்து போய் நற்கருணை கொடுத்தார். என் ஆயுளில் நான் கண்ட நல்ல பூசை அது. அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு இது ஒன்றுதான் இருக்கிறது.

6

தண்ணீர் வடிந்தது. சனம் கோயிலைக் கழுவிவிட்டு வீடு திரும்பியது. அதன் பிறகு போலீஸ் வந்தது. கோயிலை உடைத்ததாக ஜெரால்ட் புகார் கொடுத்திருந்தார். அண்ணனையும் இன்னும் இரண்டு பேரையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் மாலை வரை சட்டையில்லாமல் தரையில் உட்கார வைத்தார்கள். நான் ஃபாதரிடம் ஓடினேன்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா விட்டுடுவாங்க ஃபாதர். நீங்களே உள்ள பூசை வச்சீங்களே!"

"எனக்குப் புரியுதும்மா. ஆனா அவர் பேரவைத் தலைவர். நான் வந்து ஆறு மாசம்தான் ஆகுது. சமாதானமா முடிச்சுக்கலாம்."

சமாதானம் என்பது இதுதான்: கிரிலை அவர்களே திரும்பப் பொருத்த வேண்டும், ஞாயிறு பூசையில் அந்தோணி பீடத்தின் முன் முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லையென்றால், ஈஸ்டர் முடிந்ததும் நடக்க இருந்த அவன் மகள் ஜெசியின் கல்யாணத்துக்குக் கோயில் கிடைக்காது.

அண்ணன் முழந்தாளிட்டான். பிலோமினா அன்று பூசைக்கு வரவில்லை. நான் போனேன், பார்த்தேன். ஐம்பது வயது மனிதன், தன் தாத்தா கட்டிய கோயிலில், பிள்ளைகளை நனையாமல் காத்ததற்காக மன்னிப்புக் கேட்டான். அடுக்குமாடிக் குடியிருப்புகளிலிருந்து காரில் வந்தவர்கள் முன்பெஞ்சுகளில் இருந்தார்கள். ஜெரால்ட் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார். நான் பூசை முடியுமுன் எழுந்து வெளியே போய்விட்டேன்.

7

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். கழிப்பறை தேவையா என்று ஆராய ஒரு துணைக் குழு அமைத்திருக்கிறார்கள். ரோஜாக் கனவான் அதன் தலைவர். ஹெலன் பாவம், மேசையில் கோப்பைகளை அடுக்கிக்கொண்டே என்னிடம், "இன்னும் இரண்டு குளிர்காலம் போனால் இதை விற்றுவிடுவார்கள், ஸ்டெல்லா. யாராவது விடுமுறை வீடாக மாற்றிக்கொள்வார்கள். அப்போது எத்தனை கழிப்பறை வேண்டுமானாலும் கட்ட அனுமதி கிடைக்கும்" என்றார்.

ஓர் ஊரில் உள்ளே வர ஆள் இல்லை. வருகிற ஒரு சிலருக்கும் ஒதுங்க இடம் தரமாட்டார்கள். இன்னோர் ஊரில் ஊரே உள்ளே இருந்தது, துரத்திவிட்டார்கள். இரண்டுக்கும் அவர்கள் வைத்திருக்கும் பெயர் பாதுகாப்பு. ரீட்டாவிடம் இதைத்தான் சொன்னேன். அவள், "ஜெசி அக்கா கல்யாணம் நேற்றுதானே? போன் பண்ணு" என்றாள்.

குப்பத்து முனையில் இருக்கும் எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போட்டு, அண்ணனைக் கூட்டிவரச் சொல்லிவிட்டு, மறுபடி போட்டேன். ரீட்டா ரிசீவரில் தன் காதையும் ஒட்ட வைத்துக்கொண்டாள்.

"கல்யாணம் நல்லா முடிஞ்சுதாண்ணே?"

"நல்லா முடிஞ்சுது. நம்ம கோயில்ல வைக்கல."

"என்ன சொல்றே? அதுக்காகத்தானே நீ..."

"ஆமா. ஃபாதர் கல்யாண ஓலை எழுத வூட்டாண்ட வந்தப்ப பொண்ணு கரிக்டா சொல்லிட்சு. 'எங்கப்பா முட்டி போட்ட எடத்துல நான் மாலை மாத்தமாட்டேன்'னு. உங்க அண்ணியும் அதே புடியா நின்னுட்டா. அடையாறு பக்கம் ஒரு கோயில்ல கேட்டோம், அந்த ஃபாதர் செரின்னுட்டாரு. குப்பமே நடந்து போச்சு. பூசாரி வீட்டு ஆளுங்க, மோளம், எல்லாம்."

"ஜெரால்ட்?"

"அவருக்குக் கடேசி வரிக்கும் தெரியல, ஃபாதர் சொல்லல போல. நாங்க கெளம்பறப்ப நம்ம கோயில் வாசல்ல கோட்டு போட்டுக்கினு நிக்கறாரு. கிரிலு ரெண்டு பக்கமும் தெறந்து வச்சி, பூவெல்லாம் கட்டி வச்சிகீறாரு. நாங்க திரும்பாம நேரா போறோம். ஓடியாந்து என் கைய புடிச்சிக்கினாரு. 'அந்தோணி, எங்க போறீங்க எல்லாரும்? கதவு தெறந்துதான்பா இருக்கு'ன்றாரு."

"நீ என்ன சொன்னே?"

மறுமுனையில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போகிறவரை அண்ணன் காத்திருந்தான்.

"'தெறந்தே வைங்க சார், ஐப்பசில மழ வரும்'னேன். கைய எட்துக்கினு நடந்துட்டேன்."